ஒட்டுப்போர்வை

உணவும் உடையும் உறையுளும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்பது யாவரும் அறிந்ததே. இம்மூன்றனுள் உணவிற் கழிந்தது மண்ணிற்கு எருவாகின்றது. உறையுளிற் கழிந்த கல்லும் மரமும் பிறிதொரு வீட்டிற்குப் பயன்படுகின்றன. உடையிற் கழிந்தது யாதாகின்றது? தையற்காரர் கடையின் மூலையில் நாள்தோறும் சேரும் வெட்டுத்துணிகள் குப்பையோடு போகின்றன. வீட்டிற் கிழிந்த சேலையும் வேட்டியும் அடுப்பங்கரையிற் கரித்துணியாய்ச் சில திங்கள் உழைத்துப் பின்னர் அவையும் அவ்வழியே போகின்றன. இங்ஙனம் கழியுந் துணியை ஒழுங்குற வெட்டி, ஒன்றோடொன்று மூட்டி, அழகும் பயனும் ஒருங்கே அமைந்த போர்வையாக்கும் கைத்தொழிலொன்று மேனாடுகளிற் சில நூற்றாண்டுகளாக இல்லந்தோறும் வழங்கிவந்துள்ளது. ஆங்கிலேயர் இதனைப் பேட்ச்வொர்க் குயில்ட் என்பர். யாம் ஈண்டு ஒட்டுப்போர்வை என்றே வழங்குதும்.

இத்தொழிலில் இரண்டு வினைகள் உள. அவற்றை வேறு பிரித்தறியாதார் பலர். துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து மூட்டி ஒரே துணியாக்குவது ஒன்று. அங்ஙனம் ஆக்கிய மேற்றுணிக்கும் கீழேயிடும் அடித்துணிக்கும் இடையே பஞ்சைப் பரப்பி, மூன்றும் பிரியாதவாறு நெடுகத் தையலிடுவது மற்றொன்று. முன்னது கண்ணுக்கு அழகு தருவது. பின்னது உடலுக்கு வெம்மையும் போர்வைக்கு உறுதியும் தருவது. ஒட்டு இல்லாது பஞ்சிட்டுத் தைத்த போர்வையும் உண்டு. பஞ்சு இல்லாத ஒட்டு விரிப்பும் உண்டு. இரண்டும் கூடியதே முழு ஒட்டுப்போர்வையாம்.

துண்டுகளை மூட்டி உடுத்தல் கீழ்நாட்டிற்குப் புதிதன்று. பௌத்த துறவிகளின் சீவரம் அங்ஙனம் ஆக்கப்படுவதே. மகதநாட்டு நெல்வயல்கள் வரப்புகளால் வகுக்கப்பட்டுக் கிடந்த அமைப்பைப் புத்தர் சுட்டிக்காட்ட, ஆனந்தர் அவ்வாறே சீவரத்தை வகுத்தார் என்று விநயபிடகம் கூறும். வங்கநாட்டு மகளிர் பழஞ்சேலைகளை அடுக்கி ஊசியால் நெடுகத் தைத்து ஆக்கும் விரிப்பிற்குக் காந்தா என்பது பெயர். அப்பெயரும் நம் கந்தை என்னுஞ் சொல்லும் ஒரே வடசொல்லின் வழிவந்தன. வங்கத்தில் அச்சொல் ஒரு கலைக்குப் பெயராயிற்று. நம்மிடத்தோ இழிவுப் பொருளிலேயே நின்றுவிட்டது. சொற்களுக்கும் ஊழ் உண்டு போலும்!

நிற்க. இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள லீவன்ஸ் மாளிகையில் ஒட்டுப்போர்வையொன்று போற்றிக் காக்கப்படுகின்றது. அதனை 1708ஆம் ஆண்டளவில் அவ்வில்லத்து மகளிர் தைத்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. 1718 என்று தன்மேலேயே ஆண்டு பொறிக்கப்பெற்ற பட்டுத்துணிப் போர்வையொன்றும் அந்நாட்டில் உளது. இவற்றுள் லீவன்ஸ் மாளிகைப் போர்வை நம் கருத்தை ஈர்ப்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. அதன் துண்டுகள் இந்தியச் சீட்டித்துணிகள்.

சீட்டி என்று நாம் எளிதாய்ச் சொல்லும் துணி அந்நாளில் உலகு வியந்த பொருள். சோழமண்டலக் கரையாகிய கோரமண்டலத்து ஊர்களில் அதனை ஆக்கிய முறை நெடியது. வெளுத்த பருத்தித் துணியைக் கடுக்காய்ச்சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். படிகாரத்தாலும் இரும்புக் கரைசலாலும் கோடு வரைந்து, சாயவேர் இட்டுக் கொதிக்கவைப்பர். படிகாரம் தீண்டிய இடம் சிவக்கும். இரும்பு தீண்டிய இடம் கருக்கும். நீலம் வேண்டுமிடத்தை மட்டும் விட்டு ஏனையவிடமெல்லாம் மெழுகு பூசி அவுரிச் சாயத்தில் அமிழ்த்துவர். மஞ்சளை இறுதியிற் கையாலேயே தீட்டுவர். இத்துணைப் பாடுபட்டு ஏற்றிய சாயம், வெளுக்க வெளுக்க மங்காது நின்றது. ஐரோப்பியர்க்கு அந்நாளில் அவ்வித்தை கைவரவில்லை.

இத்துணிகள் கப்பல் கப்பலாய் இலண்டன் சென்றிறங்கவே, அந்நாட்டுக் கம்பளி நெய்வோரும் பட்டு நெய்வோரும் தம் பிழைப்புக் கெட்டதென்று கூக்குரலிட்டனர். 1700இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அச்சிட்டும் எழுதியும் வந்த இந்தியத் துணிகளை இங்கிலாந்தில் விற்றல் தடுக்கப்பட்டது. 1721இல் வந்த சட்டம் சீட்டியை உடுத்தலையும் வீட்டில் விரித்தலையுமே தண்டத்திற்குரிய குற்றமாக்கிற்று. 1774 வரையிற் சட்டம் இவ்வாறே நின்றது. எளிதிற் கிட்டாத துணியின் சிறு துண்டையும் எறிய மனம் வருமோ? பழைய ஒட்டுப்போர்வைகளில் விரலளவுள்ள சீட்டித் துணுக்கும் பக்கத்தில் இன்னொரு துணுக்கோடு ஒட்டி இடம்பெற்றிருத்தலைக் காணும்போது இவ்விலக்கு நம் நினைவுக்கு வருகின்றது. பின்னர், சீட்டியிலுள்ள பூவையும் பறவையையும் வடிவு கெடாது கத்தரித்து வெண்டுணியின்மேல் வைத்துத் தைக்கும் முறையும் எழுந்தது. அதற்குப் பாரசீகப் பூவேலை எனப் பொருள்படும் பிரெஞ்சுப் பெயரொன்று இட்டனர். ஆயின் அப்பூக்களிற் பல பூத்தது பாரசீகத்தில் அன்று, இந்நாட்டில்! பெயரிட்டவரை நொந்து பயனில்லை.

இத்தொழில் செல்வர் மனையில் மட்டும் நின்றதன்று. குவேக்கர் திருச்சபையைச் சார்ந்த எலிசபெத் பிரை அம்மையார் 1813இல் இலண்டன் நியூகேட் சிறைக்குட் புகுந்து ஆங்கிருந்த பெண்களின் இழிநிலையைக் கண்டார். பின்னர் அவர் தோற்றுவித்த மாதர் சங்கத்தார், நாடு கடத்தப்படும் பெண் குற்றவாளிகளுக்குக் கப்பலேறுமுன் ஒவ்வொரு பை அளித்தனர். நூறு ஊசிகளும், பன்னிற நூல்களும், கத்தரிக்கோலும், விரலுறையும், இரண்டு இராத்தல் வெட்டுத்துணியும் அப்பையில் இருந்தன. கடற்பயணம் மாதக்கணக்கானது. அந்நாட்கள் சண்டையிலும் சூதிலும் கழியாது கைத்தொழிலிற் கழியவேண்டும் என்பதும், சென்றிறங்கும் நாட்டில் அத்தொழில் அவர்க்குச் சோறிடும் என்பதும் அம்மாதரின் எண்ணம்.

1841ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் ராஜா என்னும் பெயர் பூண்ட கப்பலொன்று ஏறத்தாழ 180 பெண் குற்றவாளிகளுடன் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டு, ஜூலை மாதம் இற்றைத் தாஸ்மேனியாவின் ஹோபார்ட் துறையை அடைந்தது. அப்பயணத்தில் அப்பெண்களுட் சிலர் கூடித் தைத்த போர்வை இன்று கான்பரா நகரிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கின்றது. அதில் 2,815 துண்டுகள் உள. ஒவ்வொரு பக்கமும் பத்தடிக்கு மேல் நீளமுடையது. நடுவே பூவும் பறவையும், சுற்றிலும் அடுக்கடுக்காய்ச் சட்டங்களும் அமைந்த அதன் ஓரத்தில், தமக்குத் துணி ஈந்த மாதர் சங்கத்தார்க்கு நன்றி கூறும் வாசகத்தைச் சிறு சிறு தையலால் பொறித்துள்ளனர். நுண்ணிய தையலும் கோணற்றையலும் அதில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. பழகிய கையும் பழகாத கையும் ஒரே துணியில் வேலை செய்தன என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. இனித் தாய்நாட்டைக் காணப்பெறாரென்று பலரும் எண்ணிய பெண்கள், அத்தாய்நாட்டிற்கே திருப்பியனுப்ப நன்றி எழுதினர் என்பதை எண்ணுங்கால் எம் நெஞ்சு சற்றே நின்றது.

அமெரிக்காவிற் சென்று குடியேறினோரிடம் இத்தொழில் புதிய முறையொன்று பெற்றது. முழுப் போர்வையையும் ஒரே சித்திரமாக எண்ணாது, ஒன்பது அல்லது பன்னிரண்டு அங்குலச் சதுரங்களைத் தனித்தனியே தைத்துவைத்துப் பின்னர் ஒன்றுசேர்க்கும் முறையே அது. சிறு வீட்டில் இடங்குறைந்தார்க்கு இம்முறை ஏற்றது. ஒரு சதுரத்தை மடிமேலேயே வைத்துத் தைக்கலாம். ஒவ்வொரு சதுர அமைப்பிற்கும் பெயர் உண்டு. மரவீடு என்பது ஒன்று. நடுவே சிறு செஞ்சதுரம்; அது வீட்டின் அடுப்புத்தீ என்பர். அதனைச் சுற்றி மரத்துண்டுகளை அடுக்கினாற்போல நீண்ட துணிப்பட்டைகள். ஒருபாதி வெளிர்நிறம், மறுபாதி கருநிறம். அச்சதுரங்களை எப்படித் திருப்பி வைக்கின்றோமோ அப்படியெல்லாம் வேறு வேறு உருவம் தோன்றும். யாக்கோபின் ஏணி, பெத்லெகேம் விண்மீன், யோபுவின் கண்ணீர், முட்கிரீடம் என்பனவும் சதுரங்களின் பெயர்களே. வேதாகமத்தையன்றிப் பிறிதொரு நூல் வீட்டில் இல்லாதார் பலர், தாம் படித்ததையே தைத்தனர்.

அவருள் ஒருவரைப் பற்றிக் கூறாது மேற்செல்ல இயலவில்லை. ஹாரியட் பவர்ஸ் என்பார் ஜார்ஜியா மாநிலத்தில் 1837இல் அடிமையாய்ப் பிறந்தவர். அடிமை நீங்கியபின் அவர் துணியை உருவங்களாய்க் கத்தரித்துப் பதினொரு கட்டங்களில் வேதாகமக் கதையைத் தைத்தார். ஆதாமும் ஏவாளும், காயினும் ஆபேலும், யாக்கோபின் கனவும், ஆண்டவரின் ஞானஸ்நானமும் சிலுவையும், முப்பது வெள்ளிக்காசோடு யூதாசும் அதில் உளர். 1886இல் ஊர்ச்சந்தைக் காட்சியில் அதனைக் கண்ட ஓவிய ஆசிரியை ஒருவர் விலைக்குக் கேட்க, அம்மையார் கொடுக்க மறுத்தார். வறுமை மிகவே, 1891இல் தாமே கொணர்ந்து பத்து டாலர் கேட்டு ஐந்து டாலருக்குக் கொடுத்தார். கொடுக்குமுன் ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் விளக்கிச் சொன்னார். பின்னரும் பலமுறை சென்று அதனைப் பார்த்துவந்தார் என்று வாங்கியவரே எழுதிவைத்துள்ளார். வாஷிங்டன் நகரிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இன்று அது இருக்கின்றது.

இப்போர்வைகளைப் பற்றி வழங்குங் கதைகளுள் இரண்டை நம்பற்க. அடிமைகள் தப்பியோடும் வழியைக் காட்டுதற்குச் சதுரங்களைக் குறியாக வேலியில் தொங்கவிட்டனர் என்பது ஒன்று. இதற்கு அக்காலச் சான்று இல்லையென்று வரலாற்றறிஞர் மறுக்கின்றனர். குறையில்லாதவர் கடவுள் ஒருவரே ஆதலின் தையல் செய்வோர் வேண்டுமென்றே ஒரு பிழை இட்டுவைத்தனர் என்பது மற்றொன்று. இதற்கும் பழஞ்சான்று இல்லை. எம் அனுபவத்தைச் சொல்லின், பிழையை வேண்டி இட வேண்டிய தேவை ஒருநாளும் நேர்ந்ததில்லை.

இனிச் செய்முறையை நோக்குவோம்.

முதற்கண் துணி. பருத்தியே சிறந்தது. ஒரே தடிப்புள்ள துணிகளையே தேர்க. மெல்லிய மல்லோடு தடித்த காடாவை மூட்டினால் மெல்லியது விரைவில் இற்றுவிடும். புதுத்துணியாயின் தைக்குமுன் ஒருமுறை நனைத்து உலர்த்துதல் வேண்டும். கோடித் துண்டைப் பழைய ஆடையோடு இணைத்தால் அது சுருங்கிக் கிழிசலைப் பெரிதாக்கும் என்று மத்தேயு சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் உரைத்த உவமையை யாம் ஞாயிறு பாடசாலையில் எத்தனையோ முறை கேட்டுள்ளோம். அது தையற்காரரின் உண்மை அனுபவம் என்பதை ஊசி பிடித்தபின்னரே உணர்ந்தோம். சாயத்தையும் ஆராய்தல் வேண்டும். நனைந்த வெண்டுணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்க. நிறம் ஒட்டினால் அத்துணியைத் தள்ளுக, அல்லது நிறம் இறங்குமளவும் பலகால் அலசுக.

அடுத்து அளவு. தொடங்குவோர்க்கு ஒன்பது கட்டச் சதுரமே ஏற்றது. தைத்தபின் மூன்றங்குலம் நிற்கவேண்டிய கட்டத்தை மூன்றரை அங்குலமாக வெட்டுதல் வேண்டும். நாற்புறமும் கால் அங்குலம் மூட்டிற்குப் போய்விடும். தடித்த அட்டையில் மாதிரி வெட்டி, அதனைத் துணியின் பாவு நூலுக்கு நேராக வைத்துப் பென்சிலாற் கோடிட்டு வெட்டுக. மூலைவாட்டாக வெட்டிய துணி இழுத்த இழுப்பிற்கெல்லாம் நீளும். பெத்லெகேம் விண்மீன் தைக்கப் புகுந்தோர் பலர் கைவிட்டதற்கு அதிலுள்ள சாய்சதுரங்களின் மூலைவாட்டு விளிம்பே காரணம். மூட்டொன்றிற்கு அங்குலத்திற் பதினாறிலொரு பங்கு பிழைத்தாலும் பன்னிரண்டு மூட்டுகளில் முக்கால் அங்குலம் பிழைத்துவிடும். ஒருபக்கம் நீண்டும் ஒருபக்கம் குறுகியும் நிற்கும் போர்வையை எந்த இஸ்திரிப் பெட்டியாலும் நேராக்க இயலாது.

தொட்டிற் குழந்தைக்குரிய சிறு போர்வை 36 அங்குல அகலமும் 45 அங்குல நீளமும் உடையது எனக் கொள்வோம். ஒன்பதங்குலச் சதுரங்கள் அகலத்தில் நான்கும் நீளத்தில் ஐந்துமாக இருபது வேண்டும். அவற்றுட் பத்தை ஒன்பது கட்டச் சதுரங்களாகவும் பத்தை வெறுந்துணிச் சதுரங்களாகவும் மாறி மாறி வைத்தால், சதுரங்கக் காய்ப்பலகை போலத் தோன்றும். துண்டுகள் மொத்தம் நூறே. முதன்முறையாகவே கட்டில் அளவிற்கு ஆயிரம் துண்டு வெட்டி உட்கார்வோர் அதனை முடிப்பதில்லை.

தைத்தற்கு ஓட்டுத் தையல் போதும். அங்குலத்திற்கு எட்டுத் தையல் விழுமானால் நன்று. தொடக்கத்திலும் முடிவிலும் ஊசியை ஒருமுறை பின்வாங்கித் தைத்து இறுக்குக. நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் முறுக்கேறிச் சிக்குவதில்லை. மூன்று கட்டங்களை ஒரு வரிசையாக்கி, மூன்று வரிசைகளை ஒரு சதுரமாக்குக. முதல் வரிசையின் மூட்டுகளை வலப்புறமும் அடுத்த வரிசையின் மூட்டுகளை இடப்புறமும் மடித்து அழுத்தினால், வரிசைகளைச் சேர்க்கும்போது மூட்டோடு மூட்டு தானே பொருந்திக்கொள்ளும். இச்சிறு உபாயத்தை அறியாத நாட்களில் யாம் பிரித்துத் தைத்த மூட்டுகளுக்கு அளவில்லை.

அறுகோணத் துண்டுகளால் ஆக்குவது வேறொரு முறை. இங்கிலாந்தில் இது பெருவழக்கு. தாளை அறுகோணமாக வெட்டி, அதனினும் கால் அங்குலம் பெரிதாக வெட்டிய துணியை அதன்மேற் போர்த்து விளிம்பை மடித்து நூலோட்டுவர். இவ்வாறு அமைத்த இரண்டை முகத்தோடு முகம் சேர்த்து விளிம்பில் நெருக்கமாகச் சுற்றித் தைப்பர். ஒரு துண்டின் ஆறு பக்கமும் தைக்கப்பட்டபின் அதனுள்ளிருந்த தாளை உருவிவிடலாம். நடுவில் ஒன்றும் சுற்றிலும் ஆறும் சேர்ந்தால் ஒரு பூவாகும். அப்பூக்கள் நிறைந்த போர்வைக்குப் பாட்டியின் பூந்தோட்டம் என்று அமெரிக்கர் பெயரிட்டனர். பழைய போர்வைகள் சிலவற்றில் தாளை உருவாமலே விட்டுவிட்டனர். அத்தாள்கள் பழங்கடிதங்களும் கணக்கேடுகளுமாய் இருத்தலின், போர்வையின் காலத்தை அறிதற்கு அவை அறிஞர்க்குத் துணையாயின. எமக்கு வாய்த்தவை பழைய தேர்வு வினாத்தாள்கள். அவற்றின் தடிப்பு இதற்கு மிகவும் பொருத்தமானது என்பதை உடன் மாணாக்கர்க்கு அறிவித்துக்கொள்கின்றோம். இருநூறாண்டு கழித்து எவரேனும் எம் போர்வையைப் பிரித்துப் பார்ப்பின் தொல்காப்பிய வினாக்கள் சிலவற்றைக் காண்பர்.

மேற்றுணி முடிந்தபின், அதனினும் நாற்புறமும் இரண்டங்குலம் பெரிதான அடித்துணியைத் தரையிற் சுருக்கமின்றி விரித்து, அதன்மேற் பஞ்சைப் பரப்பி, மேற்றுணியை இட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பெருந்தையலாக நூலோட்டுக. ஓரத்திலிருந்து நடு நோக்கினால் நடுவே சுருக்கம் திரண்டுவிடும். கொட்டிய பஞ்சாயின் இரண்டங்குலத்திற்கு ஒரு தையலேனும் ஓடுதல் வேண்டும். இல்லையேல் முதல் வெளுப்பிலேயே பஞ்சு ஒருபக்கம் குவிந்து கட்டியாகிவிடும். பழம்போர்வைகளில் தையல் அத்துணை நெருங்கியிருப்பது அழகு நோக்கியது மட்டும் அன்று. இற்றைநாள் கடையிற் கிடைக்கும் பாலியெஸ்டர்ப் பஞ்சுப் பாய்க்கு அவ்வளவு நெருக்கம் வேண்டுவதில்லை. நெல்லைச் சீமையின் வெயிலில் வாழும் எம்போல்வார்க்குப் பஞ்சே மிகை. பழைய மெல்லிய வேட்டியொன்றை இடையில் இட்டோம், அதுவே போதுமாயிற்று. நூலின் முடிச்சு வெளியே தெரியலாகாது. மேற்றுணியிற் குத்திச் சட்டென்று இழுத்தால் முடிச்சு உட்புகுந்து நடு அடுக்கிலே தங்கிவிடும். இறுதியில் அடித்துணியின் மிகுதியை முன்புறம் மடித்து ஓரந் தைத்தால் போர்வை முடிந்தது.

இதற்குச் செலவாகும் காலத்திற்குக் கடைக்குச் சென்று சில நூறு ரூபாய்க்கு ஒரு போர்வை வாங்கிவிடலாமே என்று எம்மை வினவியவர் பலர். கணக்கு நோக்கின் அவர் கூற்று மெய்யே. மேனாட்டில் இன்று இதற்கென்றே புதுத்துணி அச்சிட்டு விற்கின்றனர்; அதனை வாங்கித் துண்டு துண்டாக வெட்டி மீண்டும் மூட்டுகின்றனர். அது தவறன்று, அழகிய வேலைகளும் அதனால் விளைகின்றன. ஆயினும் முழுத்துணியை வாங்கிக் கந்தையாக்கிப் பின் துணியாக்குதல் எம் மனத்திற்கு உவப்பாயில்லை. ஒட்டுப்போர்வையின் உயிர், முன்னரே ஒருவர் உடலிற் கிடந்து தேய்ந்த துணியிலேயே உளது என்பது எம் கருத்து.

அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவினுள் அமைந்த ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உண்டு. அடிமைகளாய்க் கொணரப்பட்டோரின் வழிவந்த கறுப்பின மக்கள் ஆங்கு வாழ்கின்றனர். பருத்தி விளைத்த அவர்க்குப் புதுப்பருத்தித் துணி வாங்கப் பொருளில்லை. வேலைச் சட்டையையும் உரச்சாக்கையும் வெட்டித் தைத்தனர். அவர் போர்வைகளை 2002இல் நியூயார்க்கு விட்னி அருங்காட்சியகத்தார் சுவரில் தொங்கவிட, நகரத்தார் திரண்டு கண்டனர். 2006இல் அமெரிக்க அஞ்சற்றலையிலும் அவை இடம்பெற்றன. அவ்வூரில் மிசௌரி பெட்வே என்னும் அம்மையார், கணவர் இறந்தபின் 1942இல் அவருடைய வேலையுடைகளையெல்லாம் எடுத்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைந்து அதனுள் உறங்கவேண்டும் என்பதே நோக்கம். காற்சட்டையின் பை பிரித்த இடத்தில் நிறம் மங்காத நீலமும், முழங்கால் தேய்ந்த இடத்தில் வெளுத்த நீலமும் அதில் அருகருகே கிடக்கின்றன.

இச்செய்தியைப் படித்த பின்னரே எம் வீட்டுப் பெட்டியிற் கிடந்த ஆச்சியின் சேலைகள் நினைவிற்கு வந்தன. எம் தந்தையாரைப் பெற்ற ஆச்சி மறைந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஏழு கைத்தறிச் சேலைகள். எவர்க்கும் கொடுக்கவும் இல்லை, எவரும் உடுக்கவும் இல்லை. விடுமுறையில் யாம் அவற்றை வெளியே எடுத்தபோது அத்தை அறைவாயிலில் வந்து நின்றார். "என் அம்மா சேலையிலா கத்தரியை வைக்கப் போகிறாய்?" என்றார். யாதும் மறுமொழி சொல்ல இயலவில்லை. பெட்டியிலே மடித்தபடி கிடந்து பூச்சி அரிக்கட்டுமா என்று எம் அன்னையார் மெல்லக் கேட்டார். அத்தை அதற்கும் விடையிறுக்காது போய்விட்டார். இரண்டு நாள் கழித்து வந்து, ஒரு சேலையை முழுதாய்த் தமக்கு எடுத்துக்கொண்டு, ஏனைய ஆறையும் எம்மிடம் தந்தார்.

முதல் வேலையிலேயே இடறினோம். மாதுளம்பூ நிறச் சுங்குடிச் சேலையைச் சோதியாது வெளிர்நிறச் சேலைகளோடு நனைத்துவிட்டோம். சாயம் இறங்கி, இரண்டு சேலைகள் திட்டுத்திட்டாய்ச் சிவந்தன. மேலே சோதிக்கச் சொன்னது அறிந்து சொன்னது, பட்டும் சொன்னது. பன்முறை அலசியும் முற்றும் போகவில்லை; அத்திட்டுக்களையும் சேர்த்தே வெட்டினோம்.

வெட்டுதற்காக விரித்தபோது ஒன்று கண்டோம். ஆறு சேலைகளிலும், முழந்தாள் படும் இடத்தில் துணி கண்ணாடிபோல் நைந்திருந்தது. ஆச்சி அதிகாலையில் நெடுநேரம் முழந்தாளிட்டு ஜெபிக்கும் வழக்கமுடையவர். ஒரு சேலையில் அவ்விடம் கிழிந்துபோக, தம் கையாலேயே குறுக்கும் நெடுக்குமாய் நூலோட்டி இழை வாங்கியிருந்தார். நைந்த துணியை நீக்குக என்பதே இத்தொழிலின் விதி. எல்லா நூல்களும் அதையே கூறும். யாம் அவ்விதியைக் கைக்கொள்ளவில்லை. நைந்த துண்டுகளின் பின்னே நனைத்துலர்த்திய மெல்லிய மல்துணியை வைத்துத் தாங்கலாகத் தைத்து, அறுகோணங்களாக வெட்டினோம். இழை வாங்கிய துண்டு நடுப்பூவின் நடுவிதழாயிற்று. ஏனையவிடத்துத் தையலைவிட அவ்விடத்துத் தையல் நுண்ணியது என்பதைப் பார்த்த எவரும் அறிவர். அதற்கு எம்மைப் பாராட்டியோரிடம் உண்மையைக் கூறிவிட்டோம்.

யோப்பா பட்டணத்தில் தொற்காள் இறந்தபோது, விதவைகள் அழுதுகொண்டே அவள் செய்த அங்கிகளைப் பேதுருவுக்கு எடுத்துக்காட்டினர் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கின்றோம். இறந்தவரைப் பற்றிப் பேசச் சொல் இல்லாதவிடத்துத் துணியை எடுத்துக்காட்டும் அவ்வழக்கம் இன்றும் ஒழிந்ததன்று. எயிட்ஸ் நோயால் மாண்டோரை நினைந்து அவர்தம் உற்றார் தைத்த துணிப்பலகைகள் 1987ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் வாஷிங்டன் நகர்வெளியில் விரிக்கப்பட்டபோது, அவற்றின் தொகை 1,920. ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி; ஏறக்குறைய ஒரு புதைகுழியின் அளவு.

போர்வையைக் காக்கும் முறையும் கூறி அமைகின்றோம். தண்ணீரில் மெல்ல அலசுக. அடித்துத் துவைத்தலும் முறுக்கிப் பிழிதலும் ஆகா. ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் தன் எடையாலேயே மூட்டுகள் விடும். பாயின்மேல் விரித்து நிழலில் உலர்த்துக. ஒரே மடிப்பில் நெடுநாள் வைத்தால் மடிப்பு விழுந்த இடத்தில் துணி இற்றுப்போகும். ஆதலின் சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து உதறி, மடிப்பை மாற்றி வைத்தல் வேண்டும். எம் வீட்டில் அவ்வேலையை அத்தையே செய்கின்றார். எப்படி மடித்தாலும் நடுப்பூ மேலே வருமாறு மடிக்கின்றார்.